நடுக்கப்படி

உப்புச்சமவெளி முகாமில் அதிகச் சம்பளம் வாங்கிய சிப்பாய் நான்தான். வேலை, சம்பளப் பிரிவில் கிளார்க். துப்பாக்கியை எப்போதாவது துடைப்பதற்காகக் கையில் எடுப்பேன். ஆனால் எனக்குப் பல்லி என்றால் பயம், இடி என்றால் பயம், தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள் என்று சேதி வந்தால் சோறு இறங்காது. கூட்டரசுப் படையின் புதிய ஊதியத் திட்டம் என்னை மனதில் வைத்தே தீட்டியது போலிருந்தது. சங்கரன்கோவிலில் அம்மா என் சம்பளத்தைக் கேள்விப்பட்டு, பிள்ளை எல்லையில் என்ன பாடு படுகிறானோ என்று அழுதாளாம்.

திட்டத்தை விளக்க ஊதியக் குழுவிலிருந்து ஆய்வாளர் அனுசூயா வந்திருந்தார். எங்கள் படையில் மாதத்துக்கு ஒருமுறை தர்பார் நடக்கும். எந்தச் சிப்பாயும் எழுந்து நின்று கமாண்டரிடமே குறையைச் சொல்லலாம். சொன்னவன் பிறகு எங்கே மாற்றப்பட்டான் என்பதை யாரும் விசாரிப்பதில்லை. அந்தத் தர்பாரில்தான் எல்லோர் மணிக்கட்டிலும் சாம்பல் நிறப் பட்டை ஒன்றைக் கட்டினார்கள்.

"இது உங்க பயத்தை அளக்கும்," என்றார் அனுசூயா. தன் கையிலும் ஒன்றைக் கட்டிக் காட்டினார். "நாடி, வேர்வை, ரத்தத்துல ஓடற சுரப்பு எல்லாத்தையும் பார்த்து ஒரு எண் சொல்லும். அந்த அளவுக்கு நாங்க வெச்சிருக்கற பேர் நடுக்கம். மாசத்துக்கு எத்தனை நடுக்கமோ, அதுக்கேத்த படி."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் கமாண்டர் மேஜர் பெனடிக்ட் தலையாட்டினார். அவருடைய பதவி உயர்வுக் கோப்பு தலைநகரில் யார் மேஜையிலோ கிடந்தது. பட்டை கட்டிய நிமிடமே அவர் கை பீப் பீப் என்றது.

"இத்தனை நாளா மலைக்கு இவ்வளவு, பாலைவனத்துக்கு இவ்வளவு, கண்ணிவெடிக்கு இவ்வளவுன்னு இடத்தைப் பார்த்து பணம் குடுத்தோம். இடம் பயப்படுமா? மனுஷன்தானே பயப்படறான்? உடம்பு பொய் சொல்லாது. எந்தப் பதவிக்கு எந்த கிரேடுன்னும் இனிமே கணினி இதை வெச்சுதான் முடிவு பண்ணும். தொடர்ந்து மூணு மாசம் நடுக்கமே இல்லாத பதவி, அபாயமில்லாத பதவி. அதைக் காண்ட்ராக்டுக்கு விட்டுட்டா அரசாங்கத்துக்கு எவ்வளவு மிச்சம் பாருங்க."

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஹவில்தார் எத்திராஜ். குடியாத்தத்துக்காரர், வெடி அகற்றும் பிரிவு. போரில் புதைத்துவிட்டு இரண்டு தரப்பும் மறந்துபோன கண்ணிவெடிகளை இந்தச் சமவெளியில் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பதுதான் அவர் வேலை.

"மேடம், பயப்படாதவனுக்கு?"

"பயமே வரலேன்னா அங்க அபாயம் இல்லைன்னு அர்த்தம்."

"அப்டீங்களா," என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். அந்த 'அப்டீங்களா'வை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. என் பட்டை என்ன எண் காட்டுகிறது என்று பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

இரண்டே மாதத்தில் முகாம் தலைகீழானது. காவலுக்கு நிற்பவர்கள் முகாமைப் பார்த்து நின்று, இருட்டுக்கு முதுகைக் காட்டினார்கள். அப்படி நின்றால்தான் பின்கழுத்து கூசும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். கேன்டீனில் பேய்ப் படம் மட்டுமே ஓடியது, அதிலும் நகைச்சுவைக் காட்சி வந்தால் ஓட்டிவிடச் சொல்லிக் கத்தினார்கள். சுபேதார் ஒருவர் மாதக் கடைசியில் நடுக்கம் குறைந்தால் மனைவிக்கு போன் போட்டு, மச்சினனுக்குக் கடன் கொடுத்த விஷயத்தைத் தானாகவே ஒப்புக்கொள்வார். தைரியசாலி என்பது கெட்ட வார்த்தையாகிவிட்டது. ஊரில் பெண் கொடுக்கிறவர்கள், "பையன் நல்லா பயப்படுவாரா? நிரந்தரமான பயம்தானா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு நான்கு ஜாதகம் வந்தது.

எத்திராஜ் பட்டை மட்டும் பூஜ்யத்தைத் தாண்டவில்லை. வெடியின் மேல் கை வைக்கும்போது அவர் நாடி இன்னும் இறங்கியது. பழுது என்று இரண்டு முறை பட்டையை மாற்றிக் கொடுத்தார்கள். புதியதும் அதையேதான் சொன்னது. முகாமில் முடிவெட்டுகிறவர் மேஜரின் கிருதாவுக்குப் பயந்து பயந்தே எத்திராஜை விட இரண்டு மடங்கு வாங்கினார். எத்திராஜ் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. வெடியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குள் போவார், வேலையை முடிப்பார், புருவமெல்லாம் உப்புத்தூளோடு வந்து என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார்.

மூன்றாவது மாதம் பிறந்ததும் கணினியிலிருந்து முன்னறிவிப்பு வந்தது. சம்பளப் பிரிவு என்பதால் முதலில் படித்தவன் நான். வெடி அகற்றும் பதவியில் இந்த மாதமும் நடுக்கம் இல்லையென்றால் அது அபாயமற்றது என்று முடிவாகும். பக்கத்தில் நிற்கும் டாக்டரும் ஆம்புலன்ஸும் கிடையாது, கவச உடை கிடையாது. வேலை காண்ட்ராக்டருக்குப் போகும். ஆள் எங்கே எடுப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்துக் கிராமத்தில் உப்பு வாருகிற ஜனங்கள் தினக்கூலிக்குக் காத்திருந்தார்கள்.

அன்று டீ குடிக்கும்போது எத்திராஜிடம் காட்டினேன். முதல் தடவையாக அவர் டம்ளரைப் பாதியில் வைத்தார்.

"என் சம்பளத்த இன்னா வேணா பண்ணிக்கட்டும்டா சிகாமணி. அந்த ஜனங்க கையில கடப்பாறைய குடுத்து உள்ள அனுப்புவானுங்களா?"

"அண்ணே, நீங்க ஒரே ஒரு மாசம் பயந்துட்டா போதும்ணே."

"பயந்துட்டாப் போச்சி," என்றார், கடைக்குப் போய்வருகிற சாதாரணத்தோடு.

அந்த வாரம் முகாமே சேர்ந்து அவரைப் பயமுறுத்தியது. பேய்க்கதை சொன்னோம். தூங்கிவிட்டார். கட்டிலுக்கடியில் பாம்பு விட்டோம். அதை வாலைப் பிடித்துத் தூக்கி, "பாவம்டா, சாரப்பாம்பு" என்று வெளியே விட்டு வந்தார். நான் என் சொந்தப் பொக்கிஷத்தையே எடுத்து, தணிக்கை ஆட்சேபணை ஒன்றை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே என் பட்டை அலறியது. அவருடையது அசையவில்லை.

"வாழ்க்கையில எதுக்குமே பயந்தது இல்லையாண்ணே?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

அவர் தன் விரல்களை விரித்துக் காட்டினார்.

"மொத வெடிக்கு பயந்தேன். கை நடுங்கிச்சி. எனக்கு ஒண்ணும் ஆவல. பக்கத்துல வெளிச்சம் காட்டிக்கினு நின்னான் தசரதன், அவனுக்குக் காலு போச்சி. அன்னிக்கு விட்டதுடா பயத்த. அதுலேந்து கயித்துக்குள்ள ஒரே ஆளு. நான் மட்டும்."

அதற்குப் பிறகு யாரும் அவரைப் பயமுறுத்தவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவரிடம் இல்லாததைக் கேட்கிறோம் என்று நினைத்திருந்தேன். அவர் பாடுபட்டு விட்டொழித்ததை அல்லவா திரும்பக் கேட்டிருக்கிறோம்.

அடுத்த தர்பாரில் நான் எழுந்தேன். வாழ்நாளில் முதல் தடவை. அதற்கே பட்டை அறுபது காட்டியது. விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மேஜர் அதைத் தலைநகருக்கு எழுத, அனுசூயா மறுபடி வந்தார். கெட்டவர் இல்லை. காதுகொடுத்துக் கேட்டார், தன் கணினியில் என்னென்னவோ தட்டினார், முகம் மலர்ந்தது.

"வழி இருக்கு. வேலை செய்யறவர்தான் பயப்படணும்னு விதியில எங்கயும் இல்லை. அபாய வட்டத்துக்குள்ள இருக்கறவங்களோட மொத்த நடுக்கம்தான் கணக்கு. ஹவில்தாருக்கு பயம் வரலியா? வர்ற ஒருத்தரைப் பக்கத்துல நிறுத்துங்க. புதுசா ஒரு பதவி உண்டாக்கிடலாம். அச்ச உதவியாளர்."

முகாமே திரும்பி என்னைப் பார்த்தது.

"கயித்துக்குள்ள ரெண்டு பேரு ஆவாது மேடம்," என்றார் எத்திராஜ்.

"இல்லேன்னா இந்த மாசக் கடைசியோட காண்ட்ராக்ட். நீங்களே சொல்லுங்க."

எத்திராஜுக்கு உப்பு வாருகிற ஜனங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தைரியத்தில் இல்லை. மறுக்கப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை சமவெளிக்குப் போனோம். வெடியைச் சுற்றி இரும்பு முளைகள் அடித்து, சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிறு நம் கண்ணுக்கு. கணினிக்குக் கயிறு தெரியாது, ஒவ்வொரு முளையின் தலையிலும் உள்ள பொத்தான் அளவுக் கருவி சொல்வதுதான் அதற்கு எல்லை. நன்றாகத் தள்ளி, எந்த வெடியும் எட்டாத தூரத்தில், கூடாரம் போட்டு அனுசூயாவும் மேஜரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரும் ஆம்புலன்ஸும் அதற்கும் பின்னால்.

கயிற்றைத் தாண்டினோம். எத்திராஜ் குப்புறப் படுத்து உப்பை விரலால் விலக்கினார். பச்சை நிறத்தில் ஒரு தகர விளிம்பு தெரிந்தது. நான் பக்கத்தில் நின்று, கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தேன். பட்டை இருநூறைத் தாண்டியது. அவ்வளவு அழகாக நான் எந்தத் தணிக்கைக்கும் பயந்ததில்லை.

கூடாரத்திலிருந்து ஒலிபெருக்கியில் அனுசூயாவின் குரல் வந்தது. "அருமை! இன்னும் கொஞ்சம்!"

அப்போது இன்னொரு பீப் கேட்டது. என்னுடையது இல்லை. எத்திராஜ் கையைத் திருப்பிப் பார்த்தார். நாற்பது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பதானது. அவர் விரல் நுனிகள் நடுங்கின. அந்த விரல்கள் நடுங்கி நான் பார்த்ததே இல்லை. மெதுவாக அவற்றை வெடியிலிருந்து விலக்கிக்கொண்டார்.

"ஹவில்தாருக்கும் வருது!" ஒலிபெருக்கி குதூகலித்தது. "பாத்தீங்களா மேஜர்? பிரமாதம்!"

"சிகாமணி, வெளிய போடா," என்றார் எத்திராஜ்.

"நான் போனா பதவி போயிருமேண்ணே."

"நீ இங்க நின்னா எனக்குக் கை நிக்கல. தசரதன் நின்ன மாதிரியே நிக்கற. போடா, சாமி."

போனேன். கயிற்றைத் தாண்டி வெளியே வந்து நின்றால், பயம் குறைய வேண்டியதுதானே? கூடியது. உள்ளே ஒற்றை ஆளாக அவர் கையை உதறி உதறி நிதானத்துக்குக் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பட்டை முந்நூறைத் தொட்டு அலறியது. ஆனால் கணக்கில் சேரவில்லை. நான் வட்டத்துக்கு வெளியே இருக்கிறேனாம். அங்கே எனக்கு அபாயம் இல்லையாம்.

எனக்குக் கோபம் வந்தது. பயந்தவனுக்கு வரும் கோபம் கொஞ்சம் கோணலாகத்தான் வேலை செய்யும். கூடாரத்தைப் பார்த்தேன். முளையைப் பார்த்தேன். குனிந்து, கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒரு முளையைப் பிடுங்கினேன். பக்கத்திலிருந்ததையும் பிடுங்கினேன். இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வழியில் நின்ற சிப்பாய்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வழிவிட்டார்கள். அனுசூயா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மேஜர் அனுசூயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடாரத்துக்குப் பின்பக்கம், மூலைக்கு ஒன்றாக, இரண்டு முளைகளையும் அடித்தேன். அங்கேயே உட்கார்ந்து எத்திராஜுக்குக் கையசைத்தேன்.

அவர் பக்கத்தில் இருந்த சிவப்பு எச்சரிக்கை விளக்கைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தால் வட்டத்துக்குள் இருப்பவர்கள் மூச்சுவிடலாம், அவ்வளவுதான். அசையக் கூடாது. மேஜர் பெனடிக்டே கையெழுத்துப் போட்ட நிலையாணை அது.

கூடாரத்துக்குள் இரண்டு பட்டைகளும் ஒரே நேரத்தில் பேசின. "நீங்கள் இப்போது அபாய வட்டத்துக்குள் இருக்கிறீர்கள்."

அதே நாற்காலி. அதே டீ. வெடி இருந்த இடத்திலேயே இருந்தது, அவர்களும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆனால் அனுசூயாவின் கையிலிருந்த கோப்பை தட்டில் தாளம் போட ஆரம்பித்தது.

"மேஜர், இது தப்பா சொல்லுது இல்ல?"

"அசையாதீங்க மேடம்!"

"நாம ரொம்பத் தள்ளித்தானே இருக்கோம்?"

"பட்டை உள்ளன்னு சொல்லுதே மேடம். பேசாதீங்க. தயவுசெஞ்சு டீயைக் கீழ வைக்காதீங்க."

முந்நூறு, நானூறு என்று எண்கள் ஏறின. மேஜர் மாதாவைக் கூப்பிட்டது கூடாரத் துணியைத் தாண்டி எனக்குக் கேட்டது. கயிற்றுக்குள் எத்திராஜ், தான் ஒற்றை ஆள் என்ற நிம்மதியில், பழைய எத்திராஜாகிவிட்டார். நாடி இறங்கியது. கை நின்றது. தகரத் தட்டை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவது போல வெளியே எடுத்து, வெடியைத் தூண்டும் மூக்கைத் திருகிக் கழற்றி, விளக்கை அணைத்தார்.

அன்றைய மொத்த நடுக்கம் கூட்டரசுப் படையின் வரலாற்றிலேயே அதிகம். வெடி அகற்றும் பதவி மிகு அபாயப் பதவி என்று மாலையே கணினி ஆணை போட்டது. டாக்டர் இருப்பார். ஆம்புலன்ஸ் இருக்கும். கவச உடை இருக்கும். காண்ட்ராக்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அனுசூயா கூடாரத்தின் பின்பக்கம் வந்து முளைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பல்லியைப் பார்க்கிற மாதிரி நின்றேன்.

"இது மோசடி," என்றார்.

"உடம்பு பொய் சொல்லாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

அந்த எண் பொய் என்றால் பட்டை பொய், பட்டை பொய் என்றால் திட்டம் பொய். போதாக்குறைக்கு அந்த மாதம் அவர் கணக்கில் விழப்போகிற படி அவருடைய சம்பளத்தைவிடப் பெரிது. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

படி முழுவதும் நடுங்கியவர்களுக்கே போனது. மேஜருக்கும் அனுசூயாவுக்கும் மிகு அபாய கிரேடு. எத்திராஜுக்கு வழக்கம்போலப் பூஜ்யம். ஆனால் சேதி தலைநகரில் பரவிவிட்டது. இரண்டு முளைக்கு இவ்வளவு பணமா என்று முதலில் படைத் தலைமையகம் கேட்டது. பிறகு ஊதியக் குழு கேட்டது. பிறகு எழுதுபொருள் துறை கேட்டது. எங்கள் முளைகள் எல்லாம் பார்சலில் தலைநகர் போய், அந்தக் கட்டிடங்களைச் சுற்றி நடப்பட்டன. இப்போது உப்புச்சமவெளியில் எத்திராஜ் சிவப்பு விளக்கைப் போட்டால், தலைநகரில் குளிரூட்டிய அறைகளில் பெரிய பெரிய அதிகாரிகள் அசையாமல் உட்கார்ந்து நடுங்குகிறார்கள். முன்பும் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தார்கள், இப்போது அதற்குத் தனியாகப் படி. முளை போதாமல் எங்கள் சம்பளப் பிரிவு மட்டும் வட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

என் சம்பளமும் சரிந்துவிட்டது. கயிற்றுக்குள் நின்று வந்ததிலிருந்து பல்லி வெறும் பல்லியாகத் தெரிகிறது. தணிக்கைக்காரர்கள் வந்தால் உட்காரச் சொல்லி டீ கொடுக்கிறேன். நான்கு ஜாதகங்களும் திரும்பிப் போய்விட்டன. அம்மா மட்டும் சந்தோஷமாக இருக்கிறாள்.

ஒரே ஒரு நேரத்தில்தான் பட்டை கத்துகிறது. சிவப்பு விளக்கு எரிகிற நேரத்தில். மேஜைக்குப் பின்னால், மின்விசிறிக்குக் கீழே, கண்ணிவெடிக்கு எத்தனையோ மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன், எண் நானூறுக்குப் போகிறது. மாதக் கடைசியில் கணினி பதில் அனுப்புகிறது: பணியாளருக்கு அபாயம் ஏதுமில்லை, நடுக்கத்துக்குக் காரணம் அறியப்படவில்லை, படி மறுக்கப்படுகிறது.

நேற்றும் எத்திராஜ் புருவத்தில் உப்போடு வந்து மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாடா, இன்னிக்கு எவ்ளோ ஏறிச்சி?"

"நானூத்துச் சொச்சம்."

"துட்டு?"

"தர மாட்டானாம்ணே. உக்காந்திருக்கவனுக்கு என்ன பயம்னு கேக்கான்."

எத்திராஜ் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பினார். பட்டை இறுகி, தோலில் வரி விழுந்திருந்தது. ஒரு துளை தள்ளி, தளர்த்திக் கட்டிவிட்டார். பிறகு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு வடக்கால இன்னும் ரெண்டு வெடி கீதாம்," என்றார்.

அவர் கையில் பட்டை சும்மா இருந்தது. என்னுடையது கத்த ஆரம்பித்தது.